நர்சிங் ஹோமில் பார்த்த வேலையை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு நர்ஸ்களைத் தேர்வு செய்கிறவர்களுக்கும், எங்கள் அனுபவச் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா முடித்து, தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சிலில் பதிவு செய்தவள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் சென்னையில் ஒரு ஹோம்கேர் நிறுவனம் வழியாக வீடுகளுக்குப் போய் இரண்டு வருடம் பார்த்தேன். போன மாதம் வளைகுடா வேலைக்கான நேர்காணலில் என் ஃபைலைப் புரட்டியவர், "ஹாஸ்பிடல் அனுபவம் ஒன்றுமே இல்லையே" என்று சொல்லி மூடி வைத்துவிட்டார். ஆறு வருடத்தைப் பார்த்து முடிக்க அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் நர்சிங் ஹோம் என்றால் வயதானவர்கள் தங்கியிருக்கும் இல்லம். எங்கள் ஊரில் அதன் பொருளே வேறு. கணவனும் மனைவியுமாக இரண்டு டாக்டர்கள் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் அந்தப் பெயர். கீழே ஓ.பி.யும் மருந்துக்கடையும், மாடியில் ஆபரேஷன் தியேட்டரும் பிரசவ அறையும், அதற்கு மேல் வார்டு. நான் இருந்த இடத்தில் 24 படுக்கை. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இல் வந்தது, அதன் விதிகள் 2018-இல் வந்தன. அந்தச் சட்டப்படி பதிவு செய்த இடம் அது. வாசலில் மாட்டியிருக்கும் பெயரை மட்டும் படித்துவிட்டு, வெளிநாட்டு அலுவலகத்தில் இருப்பவர் அதை முதியோர் இல்லம் என்று எடுத்துக்கொள்கிறார். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனை பெண்களின் வருடங்கள் இந்த ஒரு சொல்லில் தொலைந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அங்கே என்ன வேலை பார்த்தேன் என்று சொல்கிறேன். ஒரு ராத்திரி காட்டில் தண்ணீர் பாய்ச்சப் போனவரைப் பாம்பு கடித்துத் தூக்கி வந்தார்கள். டாக்டர் மாடியில் சிசேரியனில் இருந்தார். நான் ஊசி ஏற்ற வழி போட்டு, ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்தேன். சாய்த்துப் பார்த்தபோது உறையவில்லை, விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தியேட்டர் வாசலில் நின்று சொன்னேன். டாக்டர் உள்ளிருந்தபடியே விஷமுறிவு மருந்து போடச் சொன்னார். பத்து குப்பியையும் ஒவ்வொன்றாகக் கரைத்து ஏற்றினேன். அலர்ஜி வந்தால் கொடுக்க அட்ரினலினை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடியும் வரை அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. பிரசவ அறையில் வலிப்பு வந்த தாய்க்கு மெக்னீசியம் சல்ஃபேட் ஏறும்போது முழங்கால் துடிப்பும் மூச்சும் சிறுநீரும் சரியாக இருக்கிறதா என்று விடாமல் பார்த்துக் குறித்திருக்கிறேன். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு அட்ரோபின் கொடுத்து, கண்மணியின் அளவைப் பார்த்துப் பார்த்துப் பல இரவுகள் கழிந்திருக்கின்றன. இது ஆஸ்பத்திரி வேலை இல்லையென்றால் வேறு எது?

எனக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஐ.சி.யு.வில் நான் இருந்ததில்லை. பத்து வென்டிலேட்டர் ஓடுகிற இடத்தில் என்னை முதல் நாளே தனியாக நிறுத்தினால் திணறிப் போவேன். அந்த வேலைக்கு ஐ.சி.யு. அனுபவம் கேளுங்கள், அது நியாயம். ஆனால் பொது வார்டு வேலைக்கும் '100 படுக்கைக்கு மேல்' என்று ஏன் கேட்கிறீர்கள்? உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னபடி மத்திய அரசு அமைத்த குழு, தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்குச் சம்பளம் பரிந்துரைத்தது. 50 படுக்கைக்குக் கீழே உள்ள இடங்களையும் அது விட்டுவிடவில்லை. அங்கேயும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. நான் அந்தச் சம்பளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் 24 படுக்கை உள்ள இடமும் ஆஸ்பத்திரிதான், அங்கே வேலை செய்கிறவளும் நர்ஸ்தான் என்பதில் அந்தக் குழுவுக்குச் சந்தேகம் வரவில்லை.

ஹோம்கேர் கொஞ்சம் சிக்கலானது. அந்தப் பெயரில் நடப்பதெல்லாம் நர்சிங் கிடையாது. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, துணைக்கு இருப்பது எல்லாம் அவசியமான வேலைகள், மரியாதைக்குரிய வேலைகள். ஆனால் நர்சிங் படிக்காதவர்களும் அவற்றைச் செய்கிறார்கள். அதை ஆஸ்பத்திரி அனுபவத்தோடு சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் போன வீடுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து, தொண்டையில் துளை போட்டு டியூப் வைத்த ஒரு பெரியவர். மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. சிறுநீருக்குக் கதீட்டர். இடுப்பில் ஆழமான படுக்கைப்புண். ஒரு நாள் மத்தியானம் சளி அடைத்து, ஆக்சிஜன் 94-இலிருந்து 82-க்கு இறங்கிவிட்டது. "ஏம்மா, ஆம்புலன்ஸக் கூப்பிடட்டா?" என்று அவர் மனைவி பதறினார். "கூப்பிடுங்கம்மா, நான் இங்க பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, உள் டியூபைக் கழற்றி, சக்ஷன் போட்டுச் சளியை உறிஞ்சி, சுத்தமான டியூபை மாற்றி, ஆக்சிஜன் வைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்போது 95. வார்டில் இதே நேர்ந்தால் ஒரு குரல் கொடுத்தால் நான்கு பேர் ஓடி வருவார்கள். அந்த வீட்டில் நான் ஒருத்திதான். அந்த நிறுவனம் எனக்குக் கொடுத்த கடிதத்தில் பதவி என்ற இடத்தில் 'அட்டெண்டன்ட்' என்று அடித்திருக்கிறார்கள். மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை போய்விட்டேன். அவர்கள் படிவத்தில் அப்படித்தான் வருமாம்.

நோயாளியின் வீட்டுக்குப் போய்ச் செய்வது நர்ஸ் வேலைதான் என்று தமிழ்நாடு அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நோயாதரவு நர்ஸுகள் வீடு வீடாகப் போகிறார்கள். 2021 மதிப்பீட்டின்படி நம் மாநிலத்தில் 100 பேரில் 13 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இந்த வேலை இனிமேல் கூடத்தான் செய்யும்.

வெளிநாட்டிலும் எல்லோரும் உங்களைப் போல் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் பொது நர்சிங், குழந்தை நர்சிங், முதியோர் நர்சிங் என்று தனித்தனியாக இருந்த மூன்று படிப்புகளை 2020-இலிருந்து ஒரே படிப்பாக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் கணினித் தேர்வு வைத்து, பிறகு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் நேரில் நிறுத்தி, நோயாளியை எப்படிக் கவனிக்கிறாய், எப்படிப் பதிவு செய்கிறாய் என்று பார்க்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு தேர்வு வையுங்கள். தோற்றால் வீட்டுக்குப் போகிறேன்.

இன்னொன்றும் உங்கள் காதில் விழ வேண்டும். அந்த நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும் ஒரு ஏஜென்ட், "பேசாம பெரிய ஆஸ்பத்திரி பேர்ல ரெண்டு வருஷ சர்டிஃபிகேட் ஒண்ணு வாங்கிக்கங்க சிஸ்டர், ஏற்பாடு பண்றேன்" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வளைகுடா வேலைக்குச் சான்றிதழ்களைச் சோதிக்கிற டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சரிபார்ப்பில் அந்த ஆஸ்பத்திரியிடமே நேராகக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாத பெண்கள், வீட்டில் கடன் நெருக்குகிற பெண்கள், அதை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். உண்மையாகச் செய்த வேலைக்கு மதிப்பில்லை என்று நீங்கள் சொல்லும்போது அந்த ஏஜென்டுக்குத்தான் வியாபாரம் நடக்கிறது.

எனவே நர்சிங் ஹோம் என்று ஒரு சான்றிதழில் கண்டால், பதிவுச் சான்றைக் கேளுங்கள். எத்தனை படுக்கை, தியேட்டர் உண்டா, பிரசவம் பார்த்தார்களா என்று கேளுங்கள். இருந்தால் அந்த வருடங்களை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹோம்கேர் என்று இருந்தால், பதிவு பெற்ற நர்ஸாகப் போனாளா, டாக்டரின் எழுத்து உத்தரவு இருந்ததா, தினசரி நர்சிங் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் பாதியாவது சேருங்கள். நம் கவுன்சிலுக்கும் ஒரு வேண்டுகோள்: அனுபவச் சான்றிதழுக்கு ஒரே மாதிரியான படிவம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். பதவி, படுக்கை எண்ணிக்கை, செய்த வேலைகள் எல்லாம் அதில் இருக்கட்டும். எந்த நிறுவனமும் ஒரு நர்ஸை அட்டெண்டன்ட் என்று எழுதித் தர முடியாதபடி இருக்கட்டும்.

நான்கு வருடத்து டூட்டி நோட்டுகளையும், அந்தப் பெரியவருக்கு நான் எழுதிய நர்சிங் குறிப்புகளின் நகலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்டால் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பதிவு பெற்ற நர்ஸ் ஒருத்தி
கோவில்பட்டி