சூரிய டைம்லாப்ஸ் ஏன் சிமிட்டுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2030 நவம்பர் 25 காலை, முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் டர்பனைக் கடக்கப் போகிறது. அதற்குள் கை பழக வேண்டும் என்று சூரியனை டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் காணொளி) எடுக்கத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். படம் சிமிட்டினாலோ குதித்தாலோ விலை உயர்ந்த தொலைநோக்கி வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை அங்கே இல்லை. முதல் படத்துக்கு வைத்த அளவுகள் கடைசிப் படம்வரை மாறாமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும்.

முதலில் கண். சூரிய ஃபில்டர் தொலைநோக்கியின் முன்வாயில்தான் இருக்க வேண்டும்; கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கும். சூரிய ஃபிலிமில் 5.0 அடர்த்தி உள்ளது கண்ணால் பார்க்க, 3.8 கேமராவுக்கு மட்டுமே. குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டரையும் மூடிவிடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை வடகோளத்தார் எழுதியவை. இங்கே தென்கோளத்தில், தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் அச்சு தெற்கு நோக்கி, ஏறக்குறைய 30 பாகை உயரத்தில் நிற்க வேண்டும். காந்த ஊசியை அப்படியே நம்பக் கூடாது. டர்பனில் அது உண்மை வடக்கிலிருந்து சுமார் 25 பாகை மேற்கே விலகி நிற்கிறது. மவுண்டில் தென்கோளம் என்று மாற்றாவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். வேகத்தையும் நட்சத்திரத்திலிருந்து சூரியனுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் இரண்டு மணி நேரத்தில் 5 ஆர்க்மினிட், அதாவது சூரிய வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு, நகர்ந்துவிடும். ஜெர்மன் வகை மவுண்ட் என்றால் நண்பகலில் குழாயை மறுபக்கம் திருப்ப வேண்டிவரும், படம் தலைகீழாகும். அதற்குமுன் முடித்துக்கொள்வதே நல்லது. காலையில் தரை சூடேறுமுன் காற்றும் அமைதியாக இருக்கும். சிமெண்ட் தரையையும் தகரக் கூரையையும் தவிர்த்துப் புல்தரையில் வையுங்கள்.

வெண்ணொளியில் தெரியும் கரும்புள்ளிகள் ஒரு மணி நேரத்தில் அசைந்ததாகவே தெரியாது. அவற்றுக்கு நாளுக்கு ஒரு படம், ஏறக்குறைய இரண்டு வாரம். விளிம்பில் எழும் பிழம்புகளுக்கு ஹைட்ரஜனின் ஒரு சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கி வேண்டும். அங்கே நிமிடத்துக்கு ஒரு பதிவு, அதாவது பல ஃபிரேம்கள் கொண்ட ஒரு குறும் வீடியோ. கேமராவை இயக்கும் ஃபயர்கேப்சர் மென்பொருளின் ஆட்டோரன் வசதியில் இடைவெளியைக் கொடுத்துவிட்டால் அதுவே எடுத்துக்கொள்ளும். எக்ஸ்போஷரும் (ஒளி பதியும் நேரம்) கெயினும் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஆட்டோவில் இருக்கவே கூடாது. சூரிய வட்டத்துக்கு ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை 70 சதவீத அளவில் நிறுத்துங்கள்; மெல்லிய பிழம்புகளுக்கு எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும், வட்டம் வெளுத்துப்போகும், போகட்டும்.

டிஸ்க் இடத்தை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 6.4 மெகாபிக்சல் கேமராவில் 8 பிட் ஃபிரேம் ஒன்று 6.4 எம்பி. பதிவுக்கு 500 ஃபிரேம் என்றால் 3.2 ஜிபி; இரண்டு மணி நேரத்தில் 120 பதிவு, 384 ஜிபி! பிழம்பு உள்ள பகுதியை மட்டும் 1000க்கு 1000 பிக்சலாக வெட்டி எடுத்தால் 60 ஜிபியில் முடியும்.

அடுத்தது ஆட்டோஸ்டாக்கர்ட், ஒவ்வொரு பதிவின் சிறந்த ஃபிரேம்களை அடுக்கி ஒரே படமாக்கும் மென்பொருள். ஒவ்வொரு பதிவிலும் சிறந்த 100 ஃபிரேம் என்று ஒரே எண்ணிக்கையைக் கொடுங்கள். ஒன்றில் 50, இன்னொன்றில் 200 என்றால் இரைச்சல் மாறும், அசையும்போது அது கண்ணை உறுத்தும். கூர்மையாக்குவதை இம்பிபிஜி (ImPPG) மென்பொருளில் ஒரு படத்துக்குச் சரிசெய்து, அதே அமைப்பை பேட்ச் முறையில், அதாவது மொத்தமாக, எல்லாவற்றுக்கும் போடுங்கள். படத்துக்குப் படம் அழகு பார்த்துத் திருத்துவதுதான் சிமிட்டலின் முதல் காரணம். மிகப் பிரகாசமான புள்ளியை வைத்து ஒளியைச் சமப்படுத்துவதும் ஆபத்து; ஒரு சூரியக் கிளர்வு வெடித்தால் சுற்றியுள்ள பகுதி முழுவதும் இருண்டுவிடும். பிறகு அதே மென்பொருளில் படங்களை வரிசையாகப் பொருத்தலாம். பக்கவாட்டு நகர்வை அது சரிசெய்யும். சுழற்சியைச் சரிசெய்யும் என்று நம்பியிருக்க வேண்டாம். மேலும் கீழும், இடமும் வலமுமாக மட்டும் திரும்பும் ஆல்ட்-அஸிமத் மவுண்டில் படம் மெல்லச் சுழலும்; அதனால்தான் அது நீண்ட பதிவுக்கு ஒத்துவராது.

கரும்புத் தோட்டம் எரிக்கும் நாட்களில் வடகரைப் பக்கம் புகை ஒளியைக் குறைக்கும். லேசாகக் குறைந்திருந்தால் மென்பொருளில் ஈடுகட்டலாம். மேகம் மறைத்த படத்தைத் தூக்கி எறியுங்கள். அந்த இடைவெளியில் கணினி கற்பனை செய்த ஃபிரேம்களைச் செருகுவது எனக்கு உடன்பாடில்லை. மூலையில் நேரத்தைப் பதித்துவிட்டால், குதிப்பு ஏன் என்று பார்ப்பவருக்கே புரியும்.

120 படங்களை விநாடிக்கு 12 வீதம் ஓட்டினால் 10 விநாடி வரும். ஆரஞ்சு நிறத்தைக் கடைசியில் பூசிக்கொள்ளலாம். கேமரா கொடுப்பது கறுப்பு வெள்ளைதான். ஜிஃப்பாகச் சேமிக்காதீர்கள், 256 நிறங்களில் வட்டத்தின் ஓரம் பட்டை பட்டையாகத் தெரியும். எம்பி4 போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்