கதிருக்கு, பாளையங்கோட்டையிலிருந்து

அன்புள்ள கதிர்,

"இனிமே எந்த டாக்டர்கிட்டயும் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். திருப்பிக் கூப்பிட்டால் நாம் இரண்டு பேரும் கத்துவோம். அதனால் எழுதுகிறேன். கையில் ஒரு டம்ளர் மோராவது வைத்துக்கொண்டு படி.

உன் உணவுக்கோளாறு நோய்க்குப் பார்த்த அந்த ஆலோசகர் சீட்டில் உன் பழைய பெயரையே எழுதியது மரியாதைக் கேடு. "முதலில் சாப்பாடு சரியாகட்டும், ஆண் பெண் விஷயம் அப்புறம்" என்றாரே, அது வைத்தியக் கேடு. எனக்கு இரண்டாவதில்தான் கோபம் அதிகம். திருநம்பி நீ, பெண்ணுடம்பில் பிறந்த ஆண். நீ சோற்றைக் குறைத்ததே மாதவிலக்கு நிற்கணும், மார்பு வற்றணும் என்றுதானே? அதைக் கேட்காமல் காலையில் எத்தனை இட்லி என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் எந்த நோய் தீரும்? ஆகவே, போக வேண்டாம் என்று நீ முடிவெடுக்க வேண்டியது அவரிடம் மட்டும்தான். வைத்தியத்தையே விடாதே, எய்யா.

வார்டில் நின்றவள் என்பதால் இதைச் சொல்கிறேன். உடம்புக்குப் போதிய சோறு வராவிட்டால் மூளை முதலில் கைவிடும் வேலைகளில் மாதவிலக்கும் ஒன்று. ஆனால் அது தனியாகப் போகாது. எலும்பின் பலம் குறையும், நாடி இறங்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும், வெயிலிலும் விரல் சில்லிடும். நீ கேட்டது ஒன்று, பட்டினி எடுத்துக்கொள்வது நாலு. மாதவிலக்கை நிறுத்த மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது. மகளிர் மருத்துவர்கள் தினமும் எழுதித் தருகிற புரோஜெஸ்டின் என்கிற ஹார்மோன் வகை மருந்துகள்தான். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் தொடங்கினால் பெரும்பாலான திருநம்பிகளுக்குச் சில மாதங்களில் தானாகவே நின்றுவிடுகிறது. அந்த ஹார்மோனால் பசியும் எடையும் கூடலாம். இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு தராசைப் பார்த்து மிரளாதே. கடையில் வாங்கி நீயே போட்டுக்கொள்கிற வேலை மட்டும் வேண்டாம். ஹார்மோன் டாக்டரும் மனநல டாக்டரும் உன்னைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளணும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே போய் விசாரி.

"எடை சரியாத்தானே இருக்கு" என்று ஒருவர் சொன்னாராமே. எலும்பும் தோலுமாக இருந்தால்தான் இந்த நோய் என்று இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குறுகிய காலத்தில் நிறைய எடை இறங்கியவருக்கு, பார்க்க நடுத்தர உடம்பாகத் தெரிந்தாலும், இதயத்துக்கு ஆபத்து உண்டு. வாந்தி எடுத்தால் பொட்டாசியம் இறங்கும், அது இறங்கினால் துடிப்பு தாறுமாறாகும். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதே, வெறும் தண்ணீரில் கொப்பளி. அமிலம் பட்ட பல்லைத் தேய்த்தால் எனாமல் போய்விடும். நான் சொல்கிறேனே என்று திடீரென்று நிறையச் சாப்பிட்டுவிடவும் கூடாது. வெகுநாள் அரைப்பட்டினி கிடந்த உடம்புக்குச் சட்டென்று அதிகச் சோறு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் அளவு சரிந்துவிடும், உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துத்தான் கூட்டணும்.

இதோ, பக்கத்தில் உட்கார்ந்து உங்கப்பா "ரொம்ப நீட்டாதே" என்கிறார். அவருக்கென்ன.

உணவு அட்டவணை பற்றி ஒரு பேச்சு. ஓட்ஸ், பாதாம், முளைகட்டிய பயறு என்று எழுதித் தந்தவரிடம் "எங்க வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடுவோம்" என்று நீ சொன்னதும் அவர் முகம் மாறியது என்றாய். சாப்பிடவே கூசுகிற பிள்ளையிடம் அவன் வீட்டுச் சோற்றையும் கூச்சமாக்கினால் மிச்சம் என்ன இருக்கும்? கருவாடும் கறியும் அட்டவணையில் ஏறணும், கேட்டு வாங்கு. உளுந்தங்களி மட்டும் வேண்டாம். சடங்கு வைத்தபோது கர்ப்பப்பைக்கும் இடுப்புக்கும் பலம் என்று நல்லெண்ணெய் ஊற்றி ஊர் வழக்கப்படி உனக்கு ஊட்டினோம். அதற்கப்புறம் நீ அதைத் தொட்டதில்லை. புதிய டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல். வெளியூர்க்காரருக்கு உளுந்து ஒரு பருப்பு, அவ்வளவுதான். உன் தொண்டையில் அது ஏன் இறங்கவில்லை என்று நீ சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

அடுத்தவரிடம் போவதற்கு முன்னால் போனிலேயே கேட்டுவிடு. கதிர் என்று எழுதுவீர்களா? திருநம்பி யாருக்காவது வைத்தியம் பார்த்திருக்கிறீர்களா? எடை பார்க்கும்போது தராசுக்கு முதுகு காட்டி நிற்கலாமா? படுக்கையில் சேர்த்தால் எந்த வார்டு, குளியலறைக்கு யார் துணை வருவார்கள்? இதற்கெல்லாம் எரிச்சல் படுகிறவரிடம் பீஸ் கட்டாதே.

கேட்பதற்குத் தயங்காதே, சட்டமே உன் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பாலினம், பாலீர்ப்பு (யார்மேல் ஈர்ப்பு என்பது), சாதி, மதம் எதை வைத்தும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. காப்பீட்டிலும் உடல்நோய்க்கு என்ன வழியோ அதே வழி மனநோய்க்கும் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உன் கம்பெனி பாலிசியை எடுத்துப் பார். ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று செய்கிற வைத்தியத்துக்குத் தடை போட்டார். தீர்ப்பு எழுதுமுன் தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள அவரே ஓர் உளவியலாளர் முன் போய் உட்கார்ந்தார். ஐகோர்ட் நீதிபதியே உட்காரும்போது ஓர் ஆலோசகர் படித்துக்கொண்டால் குறைந்தா போய்விடுவார்? அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அந்த வைத்தியத்தைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது.

இன்னொன்று. இந்த நோய்க்கு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான ஒரு முறை உண்டு. வளரிளம் பிள்ளைகளுக்கானது. பெற்றோர் கூடவே உட்கார்ந்து வேளாவேளைக்குச் சாப்பிட வைப்பார்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு திருநங்கைப் பிள்ளைக்கு யார் உட்காருவது? ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் சேர்ந்து வாழ்கிற குடும்பத்தில், தத்தெடுத்த அம்மாதான். அவரைக் குடும்பம் இல்லை என்று வாசலில் நிறுத்துகிற ஆஸ்பத்திரி பாதி மருந்தை வெளியே நிறுத்துகிறது என்பேன். உனக்கு நாங்கள் இருக்கிறோம், ஆனால் எட்டாத தூரத்தில். ராத்திரி நீ தட்டைத் தள்ளும்போது எதிரே இருப்பது செல்வம். அந்த மனநலச் சட்டப்படி, வைத்தியத்தில் உனக்குத் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதியாக வயதுவந்த யாரையும் வைத்துக்கொள்ளலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அவனும் சம்மதம் எழுதித் தரணும். செல்வத்தின் பெயரைப் போடு. எனக்கு வருத்தமில்லை. சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் உன்னைப் பாத்ரூம் பக்கம் விடாமல் பேச்சுக்கொடுக்கச் சொல், அவனுக்குத்தான் பேச்சு வற்றாதே.

மனசு தாங்காத ராத்திரிக்கு 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம், காசு கிடையாது. எனக்கும் எந்த நேரத்திலும் போன் பண்ணலாம்.

நாளைக் காலையில் முதல் வேலையாக ரத்தம் கொடு: பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம். கூடவே ஒரு ஈ.சி.ஜி. ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. பொட்டாசியம் மூன்றுக்குக் கீழே இருந்தால் அனுப்பிக்கொண்டிருக்காதே, செல்வத்தைக் கூட்டிக்கொண்டு நேரே எமர்ஜென்சிக்குப் போ.

அம்மா