பின்னால் நடக்கும் யானை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கிறதம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை மதுரைப் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டிக்குப் பூச்சி பார்க்கப் போனேன். சிரிக்காதே. பக்கத்து வீட்டு டீச்சர் கூப்பிட்டார், விடியற்காலையில் வேன். "நம் வீட்டில் இல்லாத பூச்சியா?" என்று கேட்டுவிட்டு உன் அப்பா இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கூட்டிப்போன பையனுக்கு உன் வயதுதான் இருக்கும். கண்மாய்க்கரையில் நூறடி நடக்க ஒரு மணி நேரம் ஆக்கினான். புங்கமரத்தில் ஒரு முசுறு எறும்பு ஊர்ந்தது. "எறும்பில்லை அம்மா, காலை எண்ணுங்கள்" என்றான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன். எட்டு! சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் தூக்கி எறும்பின் மீசைபோல ஆட்டிக்கொண்டே திரிகிறது. இலையைத் தட்டியதும் நூல் விட்டுத் தொங்கியது, வேஷம் கலைந்துவிட்டது.

இந்த ஊரைத்தான் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம்! ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டுக்கு வந்த பிறகு, 2025 ஜனவரியில் ரத்தாயிற்று. வழியில் ஆடு மேய்த்த அக்கா எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் "மண்ணைத் தோண்டவா வந்தீர்கள்?" என்று கேட்டதில் தப்பே இல்லை.

மலையடியில், பாறை கவிந்து மழை படாத பொடிமண்ணில், புனலை வைத்து அழுத்தியதுபோலக் குட்டிக் குட்டிக் குழிகள். உள்ளே இருக்கும் பூச்சிக்குப் பையன் ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொன்னான். "குழியானை, தம்பி" என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உசிலம்பட்டித் திண்ணையோரத்தில் நான் பிடிக்காத குழியானையா! குனிந்து ஊதினேன். மண்ணோடு மண்ணாக ஒரு பொட்டு, பின்பக்கமாகவே நகர்ந்து புதைந்துகொண்டது. அடுத்த குழியில் ஓர் எறும்பு சறுக்கியது. அது ஏற ஏற, அடியிலிருந்து குழியானை மண்ணை வாரி இறைக்கிறது. கடைசியில் இரண்டு கொடுக்கு மட்டும் தெரிந்தது, எறும்பைக் காணோம்.

இது வளர்ந்து, சிறகு முளைத்து, தட்டான்போலப் பறக்குமாம். எனக்கு அது தெரியாது. அறுபத்திரண்டு வயது வரை, குழிக்குள்ளேயே கிடந்து சாகும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நம் மோட்டார் அறைக்குப் பின்னாலும் மூன்று குழி இருக்கிறது. அங்கே சிமெண்ட் பூச அப்பா ஆள் சொல்லியிருந்தார். பொங்கல் வரை வேண்டாம் என்று தடுத்துவைத்திருக்கிறேன். பேரனைக் கூட்டிக்கொண்டு வா.

அம்மா