ஏழு நாள் கேட்கிறோம்: மிளகாய் வத்தலுக்குச் சான்று தரும் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

ஏற்றுமதியாகும் வத்தலில் அஃப்ளடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. ஐரோப்பாவுக்குப் போகும் வத்தலில் கிலோவுக்கு பி1 வகை 5 மைக்ரோகிராமையும், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது என்பது எங்களுக்கும் மனப்பாடம். 2003இல் மிளகாய்த்தூளில், சிவப்பு நிறத்துக்காகக் கலந்த சூடான் சாயம் பிடிபட்டதையும் மறக்கவில்லை. யாரோ கலந்ததற்கு நாங்களும் சோதனை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தின்கிறவர் உயிர் சம்பந்தப்பட்டது, கொடுக்கத்தான் வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. மாதிரி எடுத்த ஏழு வேலை நாளுக்குள் முடிவைச் சொல்லுங்கள்.

போன கார்த்திகையில் என் சரக்குக்கு நடந்ததைச் சொன்னால் ஏன் கேட்கிறேன் என்பது புரியும்.

முதுகுளத்தூர்ப் பக்கக் கரிசலில் விளைந்த குண்டு வத்தல். பங்குனி வெயிலில் தார்ப்பாயில் காய்ந்தது. குளிர்பதனக் கிடங்கில் வைத்திருந்து ஐப்பசிக் கடைசியில் வெளியே எடுத்தோம். எட்டுப் பெண்கள் நான்கு நாள் உட்கார்ந்து காம்பு கிள்ளினார்கள். அந்த எரிச்சலோடு ராத்திரி பிள்ளையைத் தூக்க முடியாது என்று ஒருத்தி சொன்னாள். ஈரம் பத்து சதவீதத்துக்குக் கீழே. குண்டு வத்தலைக் காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் ஆய்வகம்.

துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் மூட்டைகளை அடுக்கி மாதிரி கொடுத்தோம். மாதிரி எடுத்தபின் சரக்கைக் கலைக்கக் கூடாது, அவிழ்த்துக் காயப்போடக் கூடாது. மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. இந்தக் கரையில் கார்த்திகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? சுவரே வியர்க்கிறது. தினமும் காலையில் கணினியைத் திறந்தால் ‘பரிசீலனையில் உள்ளது’. போன் போட்டால் ‘அது வேற செக்‌ஷன்’. அந்த வேற செக்‌ஷனில் போனை எடுத்தவர் ‘ஏஜென்ட்டை வரச் சொல்லுங்க’ என்றார். ஏஜென்ட் இரண்டு முறை போய், சும்மா திரும்பி வந்தார். பாரிஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், ‘தைப்பொங்கலுக்கு முந்தி வருமோ அண்ணை?’ என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்டார்.

பத்தொன்பதாம் நாள் சான்றிதழ் வந்தது. சரக்குத் தேறிவிட்டது.

கிடங்குக்கு ஓடி ஒரு மூட்டையை அவிழ்த்தேன். வத்தலைக் குலுக்கினேன். சத்தம் இல்லை. நமுத்துப் போயிருந்தது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஈரம் ஏறிய வத்தலை இன்னும் பல வாரம் கன்டெய்னரில் பூட்டி அனுப்பினால் அங்கே என்னவாகப் போய்ச் சேரும் என்று நீங்களே எங்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறீர்கள். பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பூஞ்சைக்குப் பத்தொன்பது நாள் அவகாசம் கொடுத்தோம். கையில் நல்ல சான்றிதழை வைத்துக்கொண்டு சரக்கைத் திருப்பி ஏற்றினேன். மறுபடி காயவைத்து, உள்ளூர் மண்டியில் வந்த விலைக்குத் தள்ளினேன். அங்கே யாரும் சான்று கேட்கவில்லை. நம் வீட்டுக் குழம்புக்கு மைக்ரோகிராம் கணக்கு கிடையாது போலும்.

பாரிஸ்காரர் வேறிடத்தில் வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் பெரிய கம்பெனிகளின் பாக்கெட் மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லிக் கடைகளிலிருந்து எடுக்க வைத்தன. உடனே அந்த ஊர்களுக்குப் போகும் சரக்குக்கு இன்னொரு சோதனை வந்தது. அது கிருமி நீக்கப் பயன்படுத்துகிற வாயுவாம். எங்கள் களத்துக்கு வெயிலைத் தவிர வேறு எந்தச் சிகிச்சையும் தெரியாது. ஆனாலும் கட்டணம் எங்களுக்கும் உண்டு. 2023இல் எங்கள் குண்டு மிளகாய்க்கு, ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில், புவிசார் குறியீடு கிடைத்தபோது, இனி நீங்களெல்லாம் ஏற்றுமதியாளர்கள்தான் என்று மேடை போட்டுச் சொன்னார்கள். ஃபைல், பேனா, மதியச் சாப்பாடு எல்லாம் கொடுத்தார்கள். சோதனை முடிவு எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த கருத்தரங்கை ஐப்பசி மழையில், வத்தல் கிடங்குக்குள்ளேயே நடத்தலாம். சுவர் வியர்ப்பதை நேரிலேயே பார்க்கலாம்.

எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். ஆய்வகத்தில் ஆள் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். இரவு ஏழு மணிக்கும் அங்கே விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எங்களுக்கு நாள் கணக்குச் சொல்லாத நடைமுறைமேல்தான் கோபம். எங்களுக்கு மட்டும் ஒவ்வொரு படிவத்துக்கும் கடைசித் தேதி இருக்கிறது.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். ஏழு வேலை நாளுக்குள் முடிவு தாருங்கள். முடியாவிட்டால் என்ன காரணம், எந்தத் தேதியில் வரும் என்று எட்டாம் நாள் எழுத்தில் தாருங்கள். கொட்டிக் காயவைக்கவாவது அந்தத் தாளை வைத்து அனுமதி கேட்டுக்கொள்கிறோம்.

மாசியில் புது வத்தல் களத்துக்கு வந்துவிடும். அதற்கு முன் பதில் கிடைத்தால், காம்பு கிள்ள ஆள் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவும்.

இப்படிக்கு,
வத்தல் வியாபாரி ஒருவன்,
ராமநாதபுரம் மாவட்டம்.