வாங்கில் இருந்தவரைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் உதைபந்தாட்ட அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை உன் கழகம் உன்னிடம் தர முன்வந்திருப்பதையும், அதைக் கேள்விப்பட்ட பெற்றோர் ஒருவர் "பாதிப் பருவம் மாற்றுவீரர் வாங்கில் இருந்தவர் எங்கள் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்" என்று கேட்டதையும் எழுதியிருந்தாய். அந்தக் கேள்விக்கு நானாக ஒரு பதில் சொல்வதைவிட, நான் குடியிருக்கும் இந்த ஊரிலேயே பிறந்த ஒருவரைப் பற்றி எழுதுவது பொருத்தமாக இருக்கும். ஓலே குன்னார் சோல்ஷாரை எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். உன் வயதுக்காரர்கள் பேசுவதைக் கேட்டால், பார்சலோனாவில் அவர் போட்ட ஒரு கோலும் மன்செஸ்டரில் அவர் பதவி இழந்த விதமும்தான் அவருடைய முழு வாழ்க்கை என்று தோன்றுகிறது. உனக்கு வேண்டியது இவை இரண்டுக்கும் நடுவிலே கிடக்கிறது.

அவர் 1973-ல் இங்கே, நோர்வேயின் கிறிஸ்தியான்சுண்டில் பிறந்தார். உப்பிட்டுக் காயவைத்த கொட் மீனை உலகத்துக்கு ஏற்றி விற்றுப் பிழைத்த தீவூர் இது. (கருவாட்டுக்குப் பேர்போன ஊருக்கு வந்து சேர்ந்ததில் நம்மவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியவில்லை.) தந்தை நோர்வேயின் மல்யுத்தச் சம்பியன். மகனோ மெலிந்த உடம்புக்காரர், உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டார். இருபத்தொரு வயது வரைக்கும் இங்குள்ள கிளவுசனெங்கன் என்ற சிறு கழகத்துக்காகக் கீழ்ப் பிரிவுகளில்தான் விளையாடினார். 1995-ல் மோல்டே கழகத்தின் பயிற்றுவிப்பாளர் ஓகே ஹாரெய்டே அவரை அழைத்துக்கொண்டார். முதற்பிரிவில் ஆடிய முதல் ஆண்டிலேயே 26 ஆட்டங்களில் 20 கோல்கள். அடுத்த ஆண்டு கோடையில், மன்செஸ்டர் யுனைட்டெட் குறிவைத்திருந்த அலன் ஷியரர் ஒன்றரைக் கோடி பவுணுக்கு நியூகாசில் கழகத்துக்குப் போய்விட, அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு யுனைட்டெட்டின் பயிற்றுவிப்பாளர் அலெக்ஸ் பெர்குசன் வாங்கியது இங்கிலாந்தில் எவருக்கும் பெயர் தெரியாத சோல்ஷாரை. பிளக்பேர்ன் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மாற்றுவீரராக இறங்கிய சில நிமிடங்களிலேயே கோல் போட்டார். அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 18 கோல்கள் அடித்தார்.

இவ்வளவு செய்தவருக்கு அணியில் நிரந்தர இடம் கிடைத்திருக்க வேண்டும் என்றுதானே நினைப்பாய்? 1998-ல் டுவைட் யோர்க் வந்தார். யோர்க்கும் அன்டி கோலும் முன்களத்தில் சோடியானார்கள், டெடி ஷெரிங்கமும் இருந்தார், சோல்ஷார் வாங்குக்குப் போனார். அதே காலத்தில் டொட்டன்ஹாம் கழகம் 55 இலட்சம் பவுண் தருவதாகச் சொல்ல, யுனைட்டெட் விற்கச் சம்மதித்தும் அவர் போக மறுத்துவிட்டார். அங்கே போயிருந்தால் ஒவ்வொரு கிழமையும் தொடக்க அணியில் நின்றிருப்பார். யுனைட்டெட்டுக்காக அவர் ஆடியவை 366 ஆட்டங்கள், போட்டவை 126 கோல்கள். அந்த ஆட்டங்களுள் 150-ல் அவர் மாற்றுவீரராகவே இறங்கினார் என்பதை உன்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பெற்றோருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவர் வாங்கில் எப்படி இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குளிருக்குச் சுருண்டுகொண்டு, பெயர் சொல்லி அழைக்க மாட்டார்களா என்று பயிற்றுவிப்பாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை நீயும் கண்டிருக்கிறாய். இவர் எதிரணியின் பின்களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்: எவர் களைத்துவிட்டார், எவர் பந்தைப் பார்த்துக்கொண்டு ஆளைத் தவறவிடுகிறார், எந்தப் பக்கம் திரும்ப ஒரு கணம் கூடுதலாக எடுக்கிறார் என்று. வாங்கிலும் பயிற்சியிலும் அவர் ஓயாமல் குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்ததைப் பெர்குசனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1999 பெப்ரவரியில் நொட்டிங்கம் ஃபொரஸ்ட் மைதானத்தில் 4-1 என்று யுனைட்டெட் முன்னணியில் இருக்கும்போது, ஏறத்தாழ இருபது நிமிடம் மீதமிருக்க இறங்கினார். ஆட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கழித்தால் போதும். அவரோ நான்கு கோல் போட்டார், ஆட்டம் 8-1 என்று முடிந்தது.

மே 26-ம் திகதி பார்சலோனாவின் கம்ப் நோ மைதானத்தில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை மீண்டும் பார். ஆறாவது நிமிடத்திலேயே பேயர்ன் மியூனிக் கோல் போட்டுவிட்டது. யுனைட்டெட்டின் நடுக்கள வீரர்கள் கீனும் ஸ்கோல்சும் தடை காரணமாக விளையாடவில்லை. பேயர்னின் உதை ஒன்று கம்பத்திலும் இன்னொன்று மேற்சட்டத்திலும் பட்டுத் திரும்பின. 81-வது நிமிடத்தில் சோல்ஷார் இறங்கினார். மேலதிக நேரத்தில் ஷெரிங்கம் சமன்செய்து இரண்டு நிமிடமாவதற்குள் பெக்கம் இன்னொரு மூலை உதையை உள்ளே அனுப்ப, ஷெரிங்கம் தலையால் திருப்பிய பந்து கோல் வாயைக் கடந்து போகையில், அது வந்து சேரும் இடத்தில் சோல்ஷாரின் வலது கால் நீண்டிருந்தது. எல்லோரும் அதை அதிர்ஷ்டம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எண்பது நிமிடம் உட்கார்ந்து பார்த்ததன் கூலி அது.

அதற்குப் பிறகு நாட்டுக்காகவும் கழகத்துக்காகவும் ஆடினார். 2003-ல் முழங்காலில் காயம், சத்திரசிகிச்சைகள், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. 2006-07 பருவத்தில் திரும்பி வந்து ஆறாவது லீக் பட்டத்தையும் வென்று, 2007 ஓகஸ்டில் ஓய்வை அறிவித்தார். 2008-ல் அரசர் அவருக்குப் புனித ஒலாவ் விருது வழங்கினார். அதே ஆண்டு யுனைட்டெட்டின் இரண்டாம் நிலை அணியைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். பெரிய பெயர் இருந்தும் இளம் வீரர்களோடுதான் ஆரம்பித்தார் என்பதைக் கவனி.

2011-ல் மோல்டேக்குத் திரும்பினார். இந்தக் கரையில் வாழ்பவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். ஃபியோர்டின் ஓரத்தில் அழகான மைதானம், எதிரே ரொம்ஸ்டால் மலைகள், கழகத்துக்கு அது நூறாவது ஆண்டு, அதுவரை ஒரு லீக் பட்டம்கூட இல்லை. 1987-ல் கடைசி ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே மோஸ் அணியிடம் தோற்றுப் பட்டத்தைக் கைவிட்ட கதையை இங்குள்ள முதியவர்கள் இன்னமும் வீட்டு இழவைப் போலச் சொல்வார்கள். சோல்ஷார் தனியே வரவில்லை. மார்க் டெம்ப்சி, ரிச்சர்ட் ஹார்ட்டிஸ் ஆகிய இருவரையும் இங்கிலாந்திலிருந்து உதவியாளர்களாகக் கூட்டிவந்தார். முதல் லீக் ஆட்டத்தில், அப்போதுதான் மேற்பிரிவுக்கு ஏறியிருந்த சார்ப்ஸ்போர்க் அணியிடம் 3-0 என்று தோற்றார்கள். அந்த இரவில் இவரைப் பற்றி ஊர் என்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பார். அந்த ஆண்டே பட்டம் வந்தது, அடுத்த ஆண்டும் வந்தது, 2013-ல் நோர்வேக் கிண்ணமும் வந்தது.

பிறகு 2014 ஜனவரியில் கார்டிஃப் கழகத்துக்குப் போனார். பருவத்தின் நடுவில், ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருந்த அணி. கடைசி இடத்தில் முடித்துக் கீழிறங்கியது, செப்டெம்பரில் அவரும் வெளியேறினார். அதில் சொல்வதற்கு அதிகமில்லை. 2015-ல் மீண்டும் மோல்டே வந்தார். அங்கேதான் எர்லிங் ஹாலண்ட் என்ற பதின்வயதுப் பையன் அவரிடம் வளர்ந்தான். 2018 ஜூலையில் பிரான் அணிக்கு எதிராக, நீ இப்போது இருக்கும் பேர்கனிலேயே, முதல் இருபத்தொரு நிமிடத்துக்குள் அவன் நான்கு கோல் போட்டான்.

மன்செஸ்டரைப் பற்றி நாம் இருவரும் சண்டை பிடித்திருக்கிறோம். உன் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. 2018 டிசம்பரில் யுனைட்டெட்டின் பயிற்றுவிப்பாளர் மொரீஞ்ஞோ நீக்கப்பட்டபின் இடைக்காலத்துக்கென்று வந்தார். முதல் ஆட்டம், ஆச்சரியமாக, அதே கார்டிஃப் மைதானத்தில். 5-1 என்று வென்றார். தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் வென்றார். பாரிசில் பத்துப் பேர் காயத்தாலும் தடையாலும் இல்லாத அணியோடு 3-1 என்று வென்றபின் நிரந்தரமாக நியமித்தார்கள். லீக்கில் மூன்றாமிடம், அடுத்த பருவம் இரண்டாமிடம். அந்த இரண்டாவது பருவம் முழுவதும் வெளியூர் லீக் ஆட்டங்களில் ஒரு தோல்விகூட இல்லை. ஆனால் கிண்ணம் ஒன்றும் இல்லை. 2021 மே 26-ல், கம்ப் நோ இரவின் அதே திகதியில், போலந்தின் க்தான்ஸ்க் நகரில் வில்லாரியாலுடன் யூரோப்பா லீக் இறுதியாட்டம். 1-1 என்று இழுபட்டுக்கொண்டு போகிறது. எதிரணிப் பயிற்றுவிப்பாளர் ஆளுக்கு மேல் ஆளாக மாற்றுகிறார். இவரோ முதல் மாற்றத்தைச் செய்தது நூறாவது நிமிடத்தில். தண்ட உதைகளில் 11-10 என்று தோற்றார்கள். உலகத்திலேயே மிகச் சிறந்த மாற்றுவீரராக இருந்தவர், தன் வாங்கை நம்பவில்லை! இதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். அதே ஆண்டு ஒக்டோபரில் லிவர்பூலிடம் சொந்த மைதானத்தில் 5-0, நவம்பரில் வொட்ஃபோர்டிடம் 4-1, மறுநாள் பதவி போயிற்று. 2025-ல் பெசிக்தாஷ் கழகத்துக்காக இஸ்தான்புல் போனதும் அந்த ஆண்டின் ஓகஸ்டோடு முடிந்தது.

ஆகவே அந்தப் பெற்றோருக்கு என்ன சொல்வது என்று கேட்டால், வாங்கிலிருந்து ஆட்டத்தைப் படித்தவர்கள் நல்ல பயிற்றுவிப்பாளர் ஆகலாம் என்பதற்கு மோல்டே சாட்சி என்று சொல். அதே மனிதர் நன்றாகச் செய்த இடத்தையும் தடுமாறிய இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவள் நீதான். மோல்டேயில் பருவம் தொடங்குமுன்னே வந்தார், தான் தெரிந்தெடுத்த உதவியாளர்களோடு வந்தார், முதல் தோல்விக்கு எவரும் அவரைத் துரத்தவில்லை. கார்டிஃபில் பாதி வழியில் ஏறினார்.

உன் கழகத்துக்குச் சம்மதம் சொல்லுமுன் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள். பருவத்தின் தொடக்கத்திலிருந்தா, இடையிலிருந்தா? உதவியாளரை நீ தெரிந்தெடுக்கலாமா, அவர்கள் தருவார்களா? தொடக்கத்தில் நான்கைந்து ஆட்டங்கள் தோற்றால் என்ன செய்வார்கள்? அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொல். மாலையில் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா