காடியின் ஆழம் ஏன் கூடுகிறது? சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

சாமி மேடையின் தட்டுகள் உட்கார, ரப்பர் மரப் பலகையில் மரம் குடையும் மெஷினான ரவுட்டரால் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்தாய். ஆழம் தொடங்கிய முனையில் 6 மில்லிமீட்டர், முடித்த முனையில் 7.5. பக்கமெல்லாம் கருகல். மெஷினை மாற்றிவிடலாமா என்று கேட்கிறாய். அவசரப்பட்டு வெள்ளியைக் கொட்டாதே. எவ்வளவு இறங்கலாம் என்று தடுக்கும் ஆழக் கம்பியின் திருகு இறுக்கமாகத்தான் இருக்கிறது, இறக்கிய மெஷினை நிறுத்திப் பிடிக்கும் லாக்கும் நழுவவில்லை என்கிறாய். அப்படியானால் வெட்டும் அலகான பிட்தான், அதன் தண்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக வெளியே இறங்குகிறது. நீ போட்டது தூளை மேலே தள்ளும் சுருள் பிட். தூளை மேலே ஏற்றும் அதே சுருள் பிட்டை மரத்துக்குள் இழுக்கும். பிடி தளர்ந்திருந்தால் இறங்காமல் என்ன செய்யும்?

சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதித்துப் பார். பிளக்கைக் கழற்று. பிட்டை மாட்டி இறுக்கியபின், காலெட் நட்டின் வாயை ஒட்டித் தண்டைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போடு. கழிவுப் பலகையில் அரை மீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பிளக்கைக் கழற்றிப் பார். கோட்டுக்கும் நட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

முதலில் தண்டின் அளவைப் பார். இணையத்தில் விற்கும் பிட்டுகளில் 6 மில்லிமீட்டர் தண்டும் உண்டு, கால் அங்குலத் தண்டும் உண்டு. கால் அங்குலம் என்பது 6.35. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், காலெட்டுக்கு அல்ல. 12க்கும் அரை அங்குலமான 12.7க்கும் இதே தொல்லை. வெர்னியர் வைத்து அளந்துவிடு. காகிதமோ டேப்போ சுற்றி இடைவெளியை அடைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று சுற்றும் பிட் கழன்றால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

அளவு சரியென்றால் அடுத்தது அழுக்கும் துருவும். நம் ஊர் ஈரக் காற்றில் காலெட்டின் உள்பக்கம் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதன்மேல் மரத்தூளும் பிசினும் ஒட்டும். பித்தளைப் பிரஷ்ஷால் துடை. உப்புத்தாள் வேண்டாம், அளவே மாறிவிடும். தண்டில் பழுப்பு வளையங்கள் தெரிந்தால் அது வழுக்கிச் சூடேறிய தடம். அந்தக் காலெட் தேய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்.

மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். தண்டை அடிவரை செருகி, பிறகு 2, 3 மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிட்டு நட்டை முடுக்கு. நட்டை முடுக்கும்போது காலெட் உள்ளே இறங்கும். தண்டு ஏற்கனவே அடியில் முட்டி நின்றால் அதனால் கூடவே இறங்க முடியாது, பிடியும் விழாது. அதற்காக நீளம் தேடிப் பாதித் தண்டை வெளியே விடவும் கூடாது. குறைந்தது முக்கால் பங்கு உள்ளே இருக்கட்டும். பிட் இல்லாத காலெட்டை ஒருபோதும் இறுக்காதே, நசுங்கிவிடும்.

இனி ஆழம் வைப்பது. ஸ்கேலைக் கண்ணால் பார்த்து வைக்கிற பழக்கத்தை விடு. ரவுட்டரை வெட்டப்போகும் பலகையின் மேலேயே வை. பிட் நுனி மரத்தைத் தொடும்வரை அழுத்தி லாக் போடு. ஆழக் கம்பிக்குக் கீழே படிப்படியாகச் சுழலும் கட்டைதான் டரட். அதை மிகத் தாழ்ந்த படிக்குத் திருப்பு. 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டை அந்தப் படியின்மேல் படுக்கவைத்து, ஆழக் கம்பியை அதன்மேல் இறக்கித் திருகை இறுக்கு. டிரில் பிட்டை எடுத்துவிட்டால் மிஞ்சும் இடைவெளிதான் உன் ஆழம். எந்த ஸ்கேலும் இவ்வளவு துல்லியம் தராது.

6 மில்லிமீட்டரையும் ஒரே ஓட்டத்தில் வெட்டினாயா? பிட்டின் விட்டத்தில் பாதிதான் ஒரு ஓட்டத்துக்கு உச்ச வரம்பு என்பார்கள். உன் 12 மில்லிமீட்டர் பிட்டுக்கு அது சரியாக 6. ஆனால் சிறிய மெஷினில் அந்த வரம்பைத் தொடவே கூடாது. முதலில் 3, பிறகு 5.5 வரை, கடைசியில் அரை மில்லிமீட்டர் மட்டும். டரட்டில் படிகள் இருப்பதே இதற்குத்தான். படிக்குப் படி எவ்வளவு வித்தியாசம் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், அளந்து எழுதி வைத்துக்கொள். இறக்கும்போது இரு கைப்பிடியையும் சமமாக அழுத்து. ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் மெஷின் ஏறி இறங்கும் தூண்கள் சிக்கும். தூண்களுக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதே, தூள் ஒட்டிப் பசையாகிவிடும். உலர்ந்த மெழுகு போதும்.

கருகலுக்கு மெதுவாகப் போவதே முக்கியக் காரணம். பயந்து பயந்து நகர்த்தினால் பிட் வெட்டாமல் தேய்க்கும். தூள் மாவாக வந்தால் மெதுவாகப் போகிறாய், சிறு சீவல்களாக வந்தால் சரி. திரும்பும் இடத்தில் நிற்காதே. முனை வந்ததும் லாக்கை விட்டு மேலே எழவிடு. 12 பிட்டுக்கு 18,000 சுற்றில் தொடங்கிப் பார். ரப்பர் மரம் வெளிர் நிறம், லேசாகச் சுட்டாலும் காட்டிக்கொடுக்கும். பிட்டின் வாயில் பிசின் படிந்திருந்தால் அதையும் கழுவு. மழுங்கியது என்று தூக்கிப்போடும் பிட்டுகளில் பல வெறும் அழுக்குப் பிட்டுகள்தான்.

உன் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. பால் வற்றிய ரப்பர் மரத்தை 25, 30 வருடத்தில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். அதில் நீளமான நல்ல பலகை அதிகம் கிடைக்காது, அதனால் துண்டுகளை விரல்போலக் கோத்து ஒட்டுகிறார்கள். துண்டுக்குத் துண்டு நார் ஓடும் திசை வேறு. எந்தப் பக்கமிருந்து ஓட்டினாலும் எங்காவது ஒரு துண்டு பிய்யத்தான் செய்யும். கடைசி ஓட்டத்தை அரை மில்லிமீட்டர் வைக்கச் சொன்னது ஆழத்துக்காக மட்டுமல்ல. காடியின் இரு ஓரத்தையும் முதலில் கத்தியால் கீறிவிடு. பிட் வெளியேறும் முனையில் ஒரு கழிவுக் கட்டையைக் கிளாம்ப் போட்டு ஒட்டவை.

திசையையும் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றாகச் சுற்றும். உன்னிடமிருந்து முன்னே தள்ளினால் ரவுட்டர் இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். பலகைமேல் நேரான சட்டம் ஒன்றைப் பிடித்து, அதை ஒட்டி ஓட்டுவதானால் சட்டம் ரவுட்டருக்கு இடப்பக்கம் இருக்கட்டும், ரவுட்டர் தானே அதில் சாயும். மெஷினோடு வந்த ஃபென்ஸை, அதாவது வழிகாட்டித் தகட்டை, பலகை விளிம்பில் ஓட்டுவதானால் அது வலப்பக்கம். மாற்றி வைத்தால் காடி பாம்பாக நெளியும்.

காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். வயர் சுருளில் கரண்ட் எடுத்தால் முழுதும் அவிழ்த்துவிடு. சுற்றியபடி விட்டால் சூடேறும்.

எல்லாம் செய்தும் மார்க்கர் கோடு நகர்ந்தால் காலெட்டை மாற்று. கடைக்குப் போகும்போது மெஷினின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போ, நட்டையும் சேர்த்துக் கேள். வேறு மெஷினின் நட் மரை ஏறினாலும் காலெட்டின் சரிவு ஒத்துப்போகாது.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: மிஞ்சிய துண்டுகளைப் பொங்கல் அடுப்புக்கு எடுத்து வைக்காதே. பூச்சி அரிக்காமலிருக்கப் போரான் மருந்து ஏற்றிய மரம் அது, நடுவே பசையும் இருக்கிறது.