அந்தத் தராசு யாரையும் கொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நெதர்லாந்துப் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். காற்றாலை, துலிப் தோட்டம், சீஸ் சந்தை எல்லாம் சரி. ஆனால் அவுடேவாட்டர் என்ற சிற்றூரைச் ‘சூனியக்காரிகளை எடை போட்டுக் கொன்ற ஊர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது அநியாயம். நடந்தது இதற்கு நேர் எதிர். என் மகள் உட்ரெக்ட்டில் வேலை பார்ப்பதால் அந்த ஊருக்குப் போய்வரும் வாய்ப்பு எனக்கு உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

சூனியக்காரி துடைப்பத்தில் ஏறிப் பறப்பவள், ஆகவே அவளுக்கு எடையே இருக்காது என்பது அந்தக் கால ஐரோப்பாவின் நம்பிக்கை. சந்தேகப்பட்டவளைக் கட்டித் தண்ணீரில் போடுவார்கள். மிதந்தால் சூனியக்காரி. மூழ்கினால் நிரபராதி, ஆனால் மேலே இழுப்பதற்குள் உயிர் போனாலும் போகும். இந்தத் தண்ணீர்ச் சோதனையை நம்பக் கூடாது என்று லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 1594-லேயே கருத்துச் சொன்னார்கள். ஆனால் ஊர் வாயை மூடப் பேராசிரியர்களால் முடியுமா? கையில் காட்ட ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தைத்தான் அவுடேவாட்டர் கொடுத்தது.

எடை போட்டது சீஸும் நாரும் நிறுக்கும் சாதாரணச் சந்தைத் தராசில். வந்தவர் ஆணோ பெண்ணோ, உள்ளாடையோடு நிற்க வேண்டும், செருப்பு கூடாது, கூந்தலை அவிழ்த்துவிட வேண்டும். கனமாக எதையும் ஒளித்து வைத்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பெண்ணானால் மருத்துவச்சி பார்ப்பார். ஊர்ப் பெரியவர்கள் சாட்சி, எழுத்தர் சான்றிதழ் எழுதுவார். ‘இவர் எடை இவருடைய உடல்வாகுக்குப் பொருத்தமாக இருக்கிறது’ என்பதுதான் அதன் சாரம். சூனியக்காரியா இல்லையா என்ற பேச்சையே எடுக்கவில்லை பாருங்கள், அங்கேதான் சாமர்த்தியம். ‘எடை குறைவு’ என்று ஒருவரையும் அந்தத் தராசு சொன்னதில்லை. ஜெர்மன் பகுதிகளான மியூன்ஸ்டர், பாடர்போர்ன் பக்கமிருந்தெல்லாம் மக்கள் தேடி வந்தார்கள். 1729-லும் ஒரு கணவனும் மனைவியும் வந்து எடை போட்டுக்கொண்டதற்குப் பதிவு இருக்கிறது. கட்டணத்துக்காகச் செய்தார்கள் என்று கேலி செய்பவர்களும் உண்டு. செய்தால் என்ன? சரியாக நிறுத்தார்கள், அது போதாதா?

அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். வருகிறவர்களையும் எடை போட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். நானும் ஏறினேன். குருவாயூர் துலாபாரத் தட்டு போலப் பெரிய தட்டு, ஏறியதும் லேசாக ஆடியது. எதிர்த் தட்டில் ஒவ்வொரு எடைக்கல்லாக வைக்க வைக்க என் மகள் சிரித்துக்கொண்டே நின்றாள். நான் பறக்க மாட்டேன் என்பது எழுத்துப்பூர்வமாக உறுதியாகிவிட்டது!

ஊரில் சொல்லும் கதை வேறு. பக்கத்து போல்ஸ்ப்ரூக் கிராமத்தில் எடை போடுகிறவன் லஞ்சம் வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணின் எடை 5 பவுண்டு என்று சொன்னானாம். அப்போது அந்த நாட்டை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ் நம்பாமல் அவளை அவுடேவாட்டருக்கு அனுப்பினார், அங்கே 100 பவுண்டு வந்தது. மகிழ்ந்த பேரரசர் 1545-ல் இப்படி எடைச் சான்றிதழ் தரும் தனி உரிமையை இந்த ஊருக்கு எழுதிக் கொடுத்தார் என்பது கதை. அந்தப் பத்திரம் இன்றுவரை கிடைக்கவில்லை. கயிறு திரிக்கிற ஊர்தானே, இதிலும் கொஞ்சம் திரித்திருப்பார்கள். என்னைக் கேட்டால், பெருமையைப் பேரரசருக்குக் கொடுக்கத் தேவையே இல்லை. முள் நேராக நிற்கிறதா என்று பார்த்து எழுதிய அந்தச் சாதாரண எழுத்தருக்குச் சேர வேண்டிய பெருமை அது.

கயிறு என்றது சும்மா இல்லை. ஹாலந்து ஐசல் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு 1265-ல் நகர உரிமை கிடைத்தது. பல நூற்றாண்டுகளாகச் சோறு போட்டது கயிறு. கயிற்றுக்கு நார் தந்தது கஞ்சாச் செடி இனம்தான், ஆனால் நாருக்காகவே வளர்த்தார்கள். தொழிலாளி நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நீளமான கொட்டகையில் பின்னோக்கி நடந்தபடியே இழை விடுவார். நாரின் நிறம் ஒட்டி வயிற்றுப் பக்கம் மஞ்சளாகிவிடும். ஊர்க்காரர்களுக்கே ‘மஞ்சள் வயிறர்’ என்று பட்டப்பெயர். கயிற்றுக்கென்று தனி அருங்காட்சியகமும் அங்கே உண்டு. கட்டுரையாளர் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை போலும்.

எரித்த கதை வேண்டுமானால் 1575-ஐச் சொல்லியிருக்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஸ்பானியப் படை ஊருக்குள் புகுந்து, கண்ணில் பட்டவர்களை வெட்டி, ஊரையே கொளுத்தியது. பின்னாளில் பெரிய இறையியலாளரான ஆர்மினியஸ் பிறந்த ஊர் இது. அப்போது அவர் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தார். தாயும் உடன்பிறந்தவர்களும் அந்தப் படுகொலையில் இறந்தார்கள். விதிக்கு எல்லாவற்றையும் விட்டுவிடாமல் மனிதனின் விருப்பத்துக்கும் இடம் கேட்டவர் அவர். மெதடிஸ்ட் சபைகள் இன்றும் பின்பற்றும் வழி அது.

அப்புறம், நகர மன்றக் கூரையில் இருக்கும் நாரைக் கூடு. நம் புலவர் மனைவிக்குத் தூது விட்ட செங்கால் நாரையின் இனம்தான், ஆனால் இவை குளிருக்கு ஸ்பெயின், ஆப்பிரிக்கா பக்கம் போகிறவை. 1960-களின் முடிவில் நெதர்லாந்தில் இவை கூடு கட்டுவதே கிட்டத்தட்ட நின்றுபோனது. 1969-ல் ஹ்ரோட்-அமெர்ஸ் என்ற ஊரில் நாரைகளை வளர்த்து வெளியே விடும் வேலையைத் தொடங்கினார்கள். இன்று நாட்டில் ஆயிரம் ஜோடிக்கு மேல் கூடு கட்டுகின்றன. தீனி கிடைப்பதால் சில நாரைகள் குளிர்காலத்திலும் ஊரைவிட்டு நகர்வதில்லை.

போக நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல்: அவுடேவாட்டரில் ரயில் நிலையம் கிடையாது. கௌடாவில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். மே, ஜூனில் போனால் கூட்டில் குஞ்சுகளையும் பார்க்கலாம்.

‘எடை போட்டுக் கொன்ற ஊர்’ என்ற அந்த வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்